திருப்பங்களைக் கலத்தல்
கணினி வரைகலையில் ஓர் உருவத்தின் பல திருப்பங்களை எடையிட்டு ஒன்றாக்கும் முறை. கோணங்களைக் கூட்டி வகுத்தால் போதாதா? சிங்கப்பெருமாள் கோயில் ஜி.எஸ்.டி. சாலையில், வடக்கை ஒட்டிய 350°, 10° திசைகளின் சராசரி 180°. தாம்பரம் பக்கம் போகவேண்டிய வண்டி செங்கல்பட்டுப் பக்கம் திரும்பிவிடும். ஆகவே கணிதவியலாளர் ஹாமில்டன் 1843இல் கண்ட, ஒரு திருப்பத்தைக் குறிக்கவல்ல குவாட்டர்னியன் எனும் நான்கெண் தொகுதி கைகொடுக்கிறது. கென் ஷூமேக் 1985இல் வரைகலைக்குக் கொண்டுவந்த கோளவழி இடைக்கணிப்பு இரண்டு திருப்பங்களுக்குக் கச்சிதம். மூன்றானால், எதை முதலில் கலக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். குவாட்டர்னியன்களை எடையிட்டுக் கூட்டி, தொகையின் நீளத்தை 1 ஆக்குவதே மேல். நான்கு எண்களின் குறியையும் மாற்றினாலும் அதே திருப்பம்தான் என்பதால், கூட்டுமுன் குறிகளை ஒத்திசைக்காவிட்டால் அவை ஒன்றையொன்று அழித்துவிடும். இது தோராயம்தானே என்பார்கள். திருப்பங்கள் நெருங்கியிருந்தால் பிழை கண்ணுக்குத் தெரியாது. விலகியிருந்தால், மார்க்லி குழு 2007இல் காட்டிய, எடையிட்ட குவாட்டர்னியன்களால் அமையும் 4×4 அணியின் மிகப்பெரிய ஐகென் மதிப்புக்குரிய திசையன், குறிச் சிக்கலே இல்லாமல் விடை தரும்.