கடைசிக் கோப்பைக்கு முன்பே: மதுக்கூடத்தின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

நிதானம் இழந்தவருக்குத் தெரிந்தே மது விற்பது இங்கிலாந்தில் குற்றம். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம், பிரிவு 141 அப்படித்தான் சொல்கிறது. ஆஸ்திரேலிய மாநிலங்களிலும் கனடாவின் மாகாணங்களிலும் இதுபோன்ற விதிகள் உண்டு. ஆக, போதையேறியவருக்கு ஊற்றலாமா என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. அதற்கு அடுத்த படியில்தான் குழப்பம். ஊற்றிக் கொடுத்து அனுப்பிய பின் அவர் சாலையில் யார்மீதேனும் மோதினால், அல்லது தானே அடிபட்டால், மதுக்கூடத்தார் இழப்பீடு தர வேண்டுமா? பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளின் நீதிமன்றங்கள் இதற்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளையே தந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் மறுத்திருக்க வேண்டிய கடைசிக் கோப்பையையே உற்றுப் பார்க்கின்றன. பொறுப்போ அதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கேட்டை விளைவித்தது குடித்தவரின் செயலே, விற்றவரின் செயலன்று என்பது பழைய நிலைப்பாடு. கலிபோர்னியாவில் அதை உடைத்தது 1971இல் மாநில உச்ச நீதிமன்றம் வழங்கிய வெசெலி எதிர் சேகர் தீர்ப்பு. மவுண்ட் பால்டி மலைமேல் ஒரு விடுதி. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவருக்கு விடியற்காலை ஐந்தேகால் வரை ஊற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. செங்குத்தான, வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் அவர் வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்பதும் விடுதிக்காரருக்குத் தெரியும். விபத்துக்கு விற்றவரையும் பொறுப்பாக்கலாம் என்றது நீதிமன்றம். அந்தக் கொள்கை ஏழாண்டுகள்தாம் நின்றது. 1978இல் சட்டமன்றம் பழைய நிலைப்பாட்டையே சட்டமாக்கியது. போதை வெளிப்படையாகத் தெரியும் சிறாருக்கு ஊற்றுவது மட்டும் விதிவிலக்கு.

கனடா வேறு பாதையில் போனது. 1973இல் முடிந்த ஜோர்டன் ஹவுஸ் வழக்கில், வாடிக்கையாளரின் குடிப்பழக்கம் விடுதிக்கு நன்றாகவே தெரியும். பொறுப்பான ஒருவர் துணைக்கு இல்லாவிட்டால் அவருக்கு ஊற்றக் கூடாது என்று ஊழியர்களுக்கு உத்தரவே இருந்தது. அதை மீறி ஊற்றினார்கள். தொல்லை செய்யத் தொடங்கியதும் இரவில் வெளியே தள்ளினார்கள். நெடுஞ்சாலையோரம் நடந்தவர்மீது கார் மோதியது. குடித்தவர், விடுதி, காரோட்டி ஆகிய மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு என்ற பங்கீட்டைக் கனடிய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இத்தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உத்தரவுதான். விடுதியின் பொறுப்பு அதன் கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. அது ஏற்கெனவே அறிந்து வைத்திருந்ததிலிருந்தும் பிறந்தது.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மறுபக்கம் நின்றது. 2004இல் தீர்ப்பான வழக்கில், ஒரு ரக்பி லீக் கிளப்பில் காலை விருந்துக்கு வந்த பெண் பகல் முழுவதும் குடித்தார். 12.30க்கு ஒரு புட்டி விற்ற கிளப், மூன்று மணிக்கு மறுத்துவிட்டது. நண்பர்கள் வாங்கிக் கொடுத்தது தனிக் கதை. மாலையில் மேலாளர் கிளப் வண்டியையும் டாக்சியையும் தருவதாகச் சொன்னார். அந்தப் பெண் வசைபாடி மறுத்தார். பிறகு சாலையில் அடிபட்டார். கிளப் பொறுப்பில்லை என்றது பெரும்பான்மை. 2009இல் தாஸ்மேனிய வழக்கொன்றில் இன்னும் இறுக்கமான விடை வந்தது. பூட்டி வைத்திருந்த மோட்டார் சைக்கிளைத் திரும்பக் கேட்ட வாடிக்கையாளரிடம் மனைவியின் தொலைபேசி எண்ணைக் கேட்டார் விடுதிக்காரர். கோபமான மறுப்பே பதில். ஓட்ட முடியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு வண்டியைக் கொடுத்தார். வீடு போகும் வழியில் வாடிக்கையாளர் இறந்தார். வளர்ந்த ஆளின் தன்னுரிமையைச் சுட்டி, விடுதிக்குப் பொதுவான கவனக் கடமை இல்லை என்றது நீதிமன்றம்.

தன்னுரிமை வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் மேற்கண்ட இரு வழக்கிலும் கேடுற்றவர் குடித்தவரே. எதிரே வந்தவர் சாகும்போது யாருடைய தன்னுரிமையைப் பற்றிப் பேசுவது? அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. எந்த ஆபத்துக்கும் இசையவில்லை. குடித்தவர் தனக்காகத் தொடுக்கும் வழக்கையும் மூன்றாமவர் தொடுக்கும் வழக்கையும் ஒரே அளவுகோலால் அளப்பது பிழை.

அடுத்தது, ‘வெளிப்படையாகத் தெரியும் போதை’ என்ற அளவுகோல். குடித்த மது இரத்தத்தில் உச்சம் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை ஆகலாம். ஆள் தள்ளாடத் தொடங்கும்போது, கடைசியாகக் குடித்த ஒன்றிரண்டு பெக் இன்னும் வயிற்றில்தான் இருக்கும். பழகிய குடிகாரரோ தள்ளாடவே மாட்டார், பேச்சும் குழறாது. ஆகவே கண்ணால் பார்த்து மறுக்கச் சொல்லும் சட்டம், தாமதமாக வரும் ஓர் அறிகுறியைத் தேடச் சொல்கிறது. மதுக்கூடத்திடம் அதைவிட நம்பகமான சான்று ஒன்று இருக்கிறது: பில். எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை பெக் போனது, சாப்பிட ஏதும் வாங்கினாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். பணம் வசூலிக்கத் துல்லியமாக எண்ணத் தெரிந்த நிறுவனம், பொறுப்பென்று வரும்போது தனக்கு எண்ணிக்கை தெரியாது என்று சொல்ல இடம்கொடுக்கக் கூடாது.

அந்தச் சுமையைப் பரிமாறுபவர் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. மிச்சத்தைப் பில் தொகையின் விழுக்காடாக வரும் டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும். அவரிடம் மறுக்கச் சொல்வது தன் கூலியையே வெட்டிக்கொள்ளச் சொல்வதாகும். கடமை உரிமம் பெற்றவருடையதாகவே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இக்கேள்வியைக் கேட்கவே ஆள் கிடைப்பதில்லை. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கடையை ஒட்டிய பாரை ஏலத்தில் எடுத்தவர் தின்பண்ட விற்பனையைப் பார்த்துக்கொள்கிறார். விற்பனையாளர் கம்பிக்கு உள்ளே இருந்து, நீளும் கையில் ஒரு குவாட்டரை வைப்பதோடு சரி. அரை நிமிடம்கூட ஆகாது. இரண்டு மணி நேரம் ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பார்க்காரர். அவர் மது விற்கவில்லை. விற்றவர் பார்ப்பதில்லை, பார்ப்பவர் விற்கவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் (சிற்றூர்களுக்கு 2017 மார்ச்சில் அது 220 மீட்டரானது) தூரத்தைத்தான் அளந்தார்கள். ஊற்றும் கையைப் பற்றிப் பேச்சில்லை. இத்தனைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, குடித்து ஓட்டும் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது.

தொடங்குவதென்றால் எப்.எல்.2 உரிமம் பெற்ற கிளப்புகளிலும் எப்.எல்.3 உரிமம் பெற்ற ஓட்டல் பார்களிலும் தொடங்கலாம். அங்கே விற்பவரும் பார்ப்பவரும் ஒருவரே; பில்லும் உண்டு. குடித்து ஓட்டிய விபத்துகளில் மூன்றாமவருக்கு முதலில் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நம் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஆணையிட்டிருக்கின்றன. அந்த வசூலில் உரிமதாரரையும் ஒரு பங்குக்குச் சேர்க்க விதி வந்தால், அன்றிரவு மேசைக்குப் போன பில்லைத் தேடி எடுக்கும் வேலையைக் காவல்துறைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனம் செய்துவிடும்.