எடை மேடைக்குக் கீழே

மதுரையில் எடை போடுவது பழைய தொழில். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், இவ்வூர்க் கூலக்கடைத் தெருவில் துலாக்கோலும் பறை, அம்பணம் என்ற முகத்தல் அளவைகளும் கையுமாக ஆட்கள் திரிகிறார்கள். நான் சொல்ல வந்தது தராசைப் பற்றி அல்ல. வண்டியைச் சரக்கோடு அப்படியே நிறுக்கிற எடை மேடையைப் பற்றி. கல்லும் வாடிப்பட்டி நெல்லும் கரும்பும் அதில் ஏறி இறங்கினால்தான் காசு. அதைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு.

பர்மிங்காமில் ஜான் வையட் என்பவர் 1740களில் நெம்புகோல்களைக் கோத்து வண்டி நிறுக்கும் மேடை செய்தார். நான் தொழில் பழகியபோதும் அதே வம்சம்தான். மேடைக்குக் கீழே ஆள் இறங்கும் குழி. குழிக்குள் இரும்பு நெம்புகோல்கள். ஒன்று இன்னொன்றின் மேல் உட்காரும் இடத்தில் கத்திமுனை. மேலே அறைக்குள் எடைக்கோலும் நகர்த்துகிற குண்டும். எடை தப்பினால் காரணம் கண்ணில் படும். கத்தி மழுங்கியிருக்கும், ஐப்பசி மழைத் தண்ணீர் குழியில் தேங்கியிருக்கும், எலி தோண்டிய மண் நெம்புகோலை முட்டிக்கொண்டிருக்கும். தொழில் சொல்லித் தந்த பெரியவர், "மொதல்ல கீழ எறங்குடா தம்பி, அப்புறம் குண்டைத் தொடு" என்பார்.

பிறகு லோடு செல் வந்தது. அதன் வேர் 1938இல் இருக்கிறது. அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டார்கள்: மெல்லிய கம்பியை உலோகத்தில் ஒட்டினால், பாரத்தில் உலோகம் இம்மி அசைய, கம்பியின் மின்தடையும் மாறும். அப்படி நாலு கம்பிகளை வீட்ஸ்டன் பிரிட்ஜ் என்ற மின்சுற்றாக இணைத்து உருக்குக்குள் அடைத்தால் லோடு செல். பத்து வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்கும் திரும்பி வருவது இருபது மில்லிவோல்ட் போலத்தான். வாகனச் சோதனைக்காரர்கள் சக்கரத்தோடு பூட்டும் விசை உணரிகள் பலவற்றிலும் இதே கம்பிதான். அவர்கள் பாடு இன்னும் மோசம். மூன்று திசை விசை, மூன்று திசை முறுக்கு; ஒன்றின் பாரம் இன்னொன்றின் கணக்கில் கசியும், பிரேக் சூட்டில் பூஜ்யம் நகரும்.

எங்கள் பாடு மண்ணும் தண்ணியும். மூலைக்கு மூலை இருக்கும் செல்களின் கேபிள்கள் கூடும் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் இறங்கினால் எண் அலைபாயும். கேபிளை எலி கடிக்கும். மேடைமேல் வெல்டிங் வைக்கிறவர் எர்த்தைத் தப்பான இடத்தில் மாட்டினால் கரண்ட் செல் வழியாகப் பாய்ந்து செல்லே போய்விடும். மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஜல்லி சிக்கினால், லாரி இறங்கிய பிறகும் எண் பூஜ்யத்துக்கு வராது.

இதற்கெல்லாம் குழியைப் பார்க்க வேண்டும். ஆனால் இப்போது எல்லாருக்கும் டிஸ்பிளேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு ரைஸ் மில்லில் கணக்கப்பிள்ளை கேட்டார்: "அண்ணே, எரநூறு கிலோ கொறையுது. ஸ்பேனைக் கொஞ்சம் கூட்டி விட்ருங்களேன்." ஸ்பேனைக் கூட்டினால் எல்லா எடையும் ஒரே விகிதத்தில் ஏறும். கெட்டது ஒரு மூலை செல் என்றால், அங்கே குறைந்தது சரியாகும். எதிர் மூலையில் நிற்கிற டிராக்டருக்கு எடை கூடிவிடும். அதனால் ஒரே படிக்கல்லை நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். வாசல் பக்க மூலை மட்டும் இளைத்திருந்தது. கீழே செல்லைச் சுற்றி உமி கலந்த சேறு இறுகி, பாரத்தில் ஒரு பங்கை அதுவே சுமந்துகொண்டிருந்தது.

வீசையும் மணங்கும் போய் 1958 அக்டோபர் 1 முதல் கிலோ வரத் தொடங்கியது. 2011 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி எடை மேடைக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் வேலை. பழுது பார்க்கிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். சீலை உடைத்தால் மறுபடி முத்திரை. அதிகாரி டிஸ்பிளேவுக்கு சீல் வைக்கலாம், சேற்றுக்கு யார் வைப்பது?

என் வரிசை இதுதான்: முதலில் மேடைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு, அடுத்து இடைவெளி, அதன்பின் கேபிளும் பாக்ஸும், பிறகு மூலைகள். ஸ்பேன் கடைசி. பாதி இடங்களில் அதுவரை போக வேண்டியே வராது.