வெட்டுப்பட்ட காய் வீடு திரும்பும் வழி



தாயம் ஆடாத தோட்டத்து வீடு ஒன்றை நான் பார்த்ததில்லை. எங்கள் லயத்தில் பித்தளைத் தாயக்கட்டை வைத்திருந்த வீடுகள் குறைவு. புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோம். வாசல் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் கட்டம் கீறுவோம். ரப்பர்க் கொட்டையின் ஓடும் உடைந்த வளையல் துண்டுகளும் எங்களுக்குக் காய்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிராளியின் காய் நிற்கும் கட்டத்திற்கு நம் காய் போய்ச் சேர்ந்தால் அது வெட்டு. வெட்டுப்பட்ட காய் வெளியேறி, மறுபடியும் தாயம் விழும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

இதுவரை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். இதற்கு மேல்தான் சண்டை வரும். எங்கள் வீட்டில் வெட்டியவருக்கு இன்னொரு முறை உருட்டும் உரிமை உண்டு. பக்கத்து வீட்டிலோ, ஒரு காயையாவது வெட்டாதவர் பழம் எடுக்கவே முடியாது. என் பாட்டி தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தார். சின்னப் பிள்ளை மூன்று தடவை உருட்டியும் தாயம் விழாவிட்டால் காயைச் சும்மா இறக்கிக்கொள்ளலாம் என்பது அது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தால்தான் என் தங்கை அழாமல் கடைசிவரை உட்கார்ந்து ஆடினாள். இப்படி வீட்டுக்கு வீடு வகுத்துக்கொள்ளும் விதிகளை வீட்டு விதி என்று சொல்லலாம். ஆட்டத்தில் அடிபட்டவன் எப்படித் தேறி வருவான் என்பதற்கு மனிதர்கள் வகுத்த வீட்டு விதிகளின் வரலாறே இன்றைய பேச்சு.

இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் தோன்றிய சதுரங்கத்தில் வெட்டுண்ட யானை வெட்டுண்டதுதான். தாயமும் அதன் உறவுக்கார ஆட்டமான பச்சீசியும் அவ்வளவு கடுமையானவை அல்ல. வெட்டுப்பட்டவனுக்கு மறுபிறவி தருகின்றன. பச்சீசியைத்தான் ஆங்கிலேயர் எளிமையாக்கி, 1896-இல் லூடோ என்று காப்புரிமை பெற்றார்கள். ஆனால் இந்த ஆட்டங்கள் எதிலும் காய்க்குக் காயம் என்பதே கிடையாது. ஒன்று முழுதாக நிற்கும், அல்லது கட்டத்தை விட்டுப் போகும். பாதி அடிபட்டு நொண்டி நடக்கிற காயை நம் முன்னோர் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

அதை நினைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ். 1824-இல் அவர் வெளியிட்ட போர் ஆட்டத்தில், வரைபடத்தின் மேல் படைக்குப் பதிலாகச் சிறு கட்டைகளை வைத்து நகர்த்துவார்கள். பகடை உருட்டியதும் படை முழுவதும் அழிந்துவிடாது. இத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்குப் பார்த்துக் கழிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற பலம் என்ற எண்ணம் இப்படித்தான் ஆட்டத்துக்குள் நுழைந்தது. ஆனால் கணக்குப் பார்த்தே பொழுது போயிற்று. ஆகவே 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற மற்றோர் அதிகாரி, பட்டியல்களை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். என் பாட்டியின் கட்சிதான் அவரும்!

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். இதில் கட்டமும் காயும் கட்டாயமில்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் ஒவ்வொருவரும் அக்கதையில் ஒரு பாத்திரமாக இருந்து, 'நான் குகைக்குள் போகிறேன்', 'நான் விளக்கைப் பிடிக்கிறேன்' என்று சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்று ஐயம் வந்தால் பகடை உருட்டுவார்கள்.

முதலில் ஆர்னெசனின் வீட்டு ஆட்டத்தில் ஒரு பகடை தவறினாலே ஆள் செத்துப் போவான். ஆசையாக வளர்த்த பாத்திரம் நொடியில் போனதை ஆடியவர்கள் ஏற்கவில்லை. உடனே அவர் கப்பற்போர் ஆட்டம் ஒன்றிலிருந்து ஒரு வழியை எடுத்துக்கொண்டார். கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்று எண்ணுவதுபோல, மனிதன் எத்தனை அடி தாங்குவான் என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். இன்று உலகமெங்கும் கணினி விளையாட்டிலும் நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் காணும் உயிர்ப் புள்ளிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தேறுவதற்கு எவ்வளவு காலம் என்பதில்தான் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 1974-ஆம் ஆண்டுப் புத்தகத்தின்படி முழு ஓய்வு எடுத்தாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஒரு புள்ளி ஏறும். 1978-இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்ற ஆட்டம் கை, கால், தலை என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தனிக் கணக்கு வைத்தது. இதைப் படித்தபோது எனக்குச் சொக்சோ சட்டத்தின் பட்டியல் நினைவுக்கு வந்தது. இன்ன விரல் போனால் இத்தனை விழுக்காடு என்று அதிலும் உறுப்பு உறுப்பாக எழுதியிருக்கிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கைகாக்ஸ் ஆட்டம் மிகவும் இளகிவிட்டது. ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் இழந்த புள்ளி அத்தனையும் திரும்பிவிடும்.

இந்தக் கடைசி விதிதான் எங்கள் பள்ளியில் வழக்காயிற்று. சுங்கை பூலோ பக்கம் சனிக்கிழமை பிற்பகலில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரைக் கூட்டி இந்த ஆட்டத்தைத் தமிழில் நடத்தி வருகிறேன். பிள்ளைகள் தமிழில் பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். கதையில் பூதமும் கோட்டையும் கிடையாது. காணாமற்போன பசுவைத் தேடி ராத்திரியில் மலைக்காட்டுக்குப் போகிறார்கள். வழியில் காட்டுப்பன்றி வருகிறது.

ஒரு பையனின் பாத்திரத்தைப் பன்றி முட்டிக் கால் ஒடிந்தது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று புத்தக விதியைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "எங்கம்மா மலையில சறுக்கி விழுந்து ஆறு வாரமா வீட்டுல இருக்காங்க, சார். ராத்திரி தூங்கினா கால் கூடிடுமா?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கால் ஒடிந்தவர் ஆறு ஆட்டம் வெளியே இருக்க வேண்டும் என்று அங்கேயே விதி செய்தேன். நியாயமான விதி என்றே நினைத்தேன். கால் ஒடிந்த பையன் அன்று பிற்பகல் முழுவதும் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

என் விதி காயத்தை உள்ளபடி காட்டியது, பையனை மறந்துவிட்டது. பிள்ளைகளிடமே கேட்டேன். அந்த மாணவியின் வீட்டில் என்ன நடந்தது என்பதிலிருந்து புதிய விதி பிறந்தது. அம்மா படுத்திருந்தாலும் அரிசி களைந்து கொடுத்தார், கணக்குப் பார்த்தார், பிள்ளைக்கு யோசனை சொன்னார். பக்கத்து வீட்டு அக்காள் அவளைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். ஆகவே எங்கள் ஆட்டத்தில் அடிபட்டவர் முகாமில் இருப்பார், ஓட முடியாது. வழி வரைந்து வைப்பது, நெருப்பு அணையாமல் பார்ப்பது, ஓடுகிறவருக்கு ஒரு முறை தன் பகடையை இரவல் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. யாராவது ஒருவர் தம் முறையை விட்டுக்கொடுத்துக் கவனித்தால் ஒரு படி தேறுவார். கவனிப்பார் இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருப்பார்.

இன்னொரு விதியை எங்கள் ஊர் தந்தது. சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது உங்களில் பலருக்குத் தெரியும். 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்பது அதன் பெயர். ஆயிரக்கணக்கானோர் அங்கே வாழ்ந்தார்கள். குடியிருப்புக்குள் மட்டும் செல்லும் தனிப் பணமே இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் சல்போன் மருந்து வந்த பிறகு நோய் குணமாயிற்று. ஆனால் குணமானவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. வாசற்கதவைத் திறக்க உறவுகள் முன்வரவில்லை. அங்கேயே செடி வளர்த்து, மணமுடித்து, முதுமையடைந்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தேறியவர் தானாக எழுந்து வரக்கூடாது, மற்றவர்கள் முகாமுக்குப் போய் அழைத்து வர வேண்டும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு பேர் அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் அவனை அழைத்து வந்தார்கள். நோட்டுப் புத்தகத்தை வாங்கி விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தான். பிறகு என்னைப் பார்த்து, "பன்றிக்கும் அடிபட்டுச்சே, சார். அதை யாரு கவனிப்பா?" என்று கேட்டான். அதற்கு இன்னும் விதி எழுதவில்லை. வருகிற சனிக்கிழமை பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.