யாரும் வெளியே போகாத கபடி

கபடியில் அவுட்டானால் வெளியே போகணும். ஆட்டம் பிறந்தபோதே கூடப் பிறந்த விதி இது என்றுதான் நினைக்கிறோம். அப்படி இல்லை. விதிகள் ஒன்றாக்கப்படுவதற்கு முன் மூன்று வகைக் கபடி புழக்கத்தில் இருந்தது. காமினியில் அவுட்டானவர், தன் அணி மொத்தமும் அவுட்டாகும்வரை வெளியேதான். சஞ்சீவனியில் எதிரணியில் ஒருவர் விழுந்தால், இங்கே ஒருவருக்கு உயிர் வரும். அமரில் யாரும் வெளியே போவதே இல்லை. தொட்டால் எதிரணிக்குப் புள்ளி, தொடப்பட்டவர் களத்திலேயே நிற்பார்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதியிலிருந்து போன குழு கபடியை ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு வந்தது. நிலைத்தது சஞ்சீவனி. போட்டிக்கு அதுதான் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. அவுட்டும் உயிரும் மாறி மாறி வருவதில்தான் பார்ப்பவருக்கு விறுவிறுப்பு. 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி பதக்க ஆட்டமானது.

சிக்கல், இதே கபடி மூன்றாம் வகுப்பு விளையாட்டுப் பீரியடுக்குள் வரும்போதுதான். அணிக்கு ஏழு பேர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பதினாலு பேர் ஆட, இருபத்தாறு பேர் மரத்தடியில். அந்தப் பதினாலிலும் முதலில் வெளியேறுவது யார்? ஓட முடியாத பிள்ளை. ஓட்டம் அதிகம் தேவைப்படுவதும் அதுக்குத்தான்.

தெருவில் இதுக்கு வழி இருந்தது. “டேய், இவன் உப்புக்குச் சப்பாணிடா!” அவ்வளவுதான், அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்த பொடியனும் ஆட்டத்தில் சேர்ந்துவிடுவான். தொட்டாலும் அவுட் கிடையாது. மென்பொருளில் நாங்கள் எட்ஜ் கேஸ் என்று தலையைப் பிய்த்துக்கொள்வதைத் தெருப்பிள்ளைகள் ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். (வார்த்தை நல்ல வார்த்தை இல்லை. சப்பாணியை விட்டுவிட்டு ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.)

2022இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் 75 பாரம்பரிய விளையாட்டுகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் இருப்பது ஆட்டத்தின் பெயர். ஒரே பெயருக்குள் காமினியும் இருக்கலாம், அமரும் இருக்கலாம். பாரம்பரியம் என்றாலே பிள்ளைகளுக்கு நல்லது என்று அப்படியே விட்டுவிட முடியாது.

ஒண்ணாம் வகுப்பிலிருந்து மூணாம் வகுப்புவரை அமர் போதும். மடக்கிப் பிடிக்க வேண்டாம், தொட்டாலே புள்ளி. அணிக்கு ஏழு என்பதும் வேண்டாம். நாலு கட்டம் போட்டால் நாற்பது பேரும் ஆடலாம். கோடு கிழிக்கச் சுண்ணாம்பு இல்லையா, ஒரு குச்சி போதும்.