திரும்பி வரும் உரிமை

ரொறன்ரோவின் ரீஜன்ட் பார்க் கனடாவின் முதலாவது பெரிய அரச குடியிருப்புத் திட்டம். கபேஜ்டவுனின் பழைய வீடுகளை இடித்துக் கட்ட 1947இல் நகர வாக்காளர்கள் சம்மதித்தார்கள். 1948இல் வேலை தொடங்கியது. பழைய தெருக்களை மூடிவிட்டு, புல்வெளிகளுக்கு நடுவே கட்டடங்களை எழுப்பினார்கள்.

1966இல் அதற்குத் தெற்கே இருந்த ட்ரெஃபான் கோர்ட்டையும் இடிக்க மாநகரம் முனைந்தது. குடியிருந்தவர்கள் மறுத்தார்கள். அவர்களோடு நின்ற, சட்டம் படித்த இளைஞர் ஜோன் சுவெல் பின்னாளில் நகரபிதாவானார். கடைசியில் குடியிருப்பாளர்களும் அமர்ந்த குழுவொன்று வரைந்த திட்டம் 1972இல் ஏற்கப்பட்டது. முழு இடிப்பு கைவிடப்பட்டது.

2005இல் ரீஜன்ட் பார்க்கையே இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். அப்போது அங்கே நம்மவர் உட்படப் பல மொழிக் குடும்பங்கள் வாழ்ந்தன. இம்முறை கலந்தாய்வுகள் நடந்தன. மூடிய தெருக்களை மீளத் திறப்பது திட்டத்தில் இடம்பெற்றது. வெளியேறியவர்களுக்குத் திரும்பி வரும் உரிமை எழுத்தில் கிடைத்தது. ஆனால் மானிய வாடகை வீடுகளில் ஒரு பகுதி வேறிடங்களிலேயே கட்டப்பட்டது, எல்லோரும் திரும்பவுமில்லை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, காணி விடுபடுமென்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்த உரிமையின் பெறுமதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போகவேண்டும். சொன்னது எழுத்தில் ஏறியதா என்றும் பார்க்கவேண்டும்.