பழுப்பு நிறம் பொய் சொல்லத் தொடங்கிய கதை

கண்ணமங்கலம் வழியே போகும் வேலூர்–ஆரணி சாலையில் இன்று அம்பாசடரைப் பார்ப்பதே அரிது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய வண்டியை வாங்கி, என்ஜினை இறக்கி, ரீபோர் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு ஏற்றுகிற ஆசை பலருக்கு இன்னும் விடவில்லை. வேலை முடிந்ததும் மெக்கானிக் சொல்வது எங்கேயும் ஒன்றுதான்: "கொஞ்சம் ஓட்டிட்டு வாங்க சார், பிளக்கைக் கழட்டிப் பாத்துடலாம்."

அவர் பார்ப்பது பிளக் முனையில் இருக்கும் வெள்ளைப் பீங்கானை. அது காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது சோக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிசுபிசுவென ஈரக் கருப்பு என்றால் ஆயில் மேலே வருகிறது. ரிங் அல்லது வால்வு கைடு காரணம். சுண்ணாம்பு வெளுப்பும் கொப்புளமும் தெரிந்தால் கலவையில் காற்று மிஞ்சியிருக்கிறது, இல்லையென்றால் டைமிங் முன்னே போயிருக்கிறது. அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் பிஸ்டனே உருகத் தொடங்கிவிட்டது. வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். நான்கு பிளக்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கார்பரேட்டரைப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்த சிலிண்டரை. பக்கத்துப் பக்கத்து இரண்டு என்றால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் போகும்.

இளம் பழுப்பு வந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

லெனுவார் 1860-இல் தன் வாயு என்ஜினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902-இல் ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷிடம் வேலை பார்த்த ஹோனோல்டு, உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். ஆனால் நிறத்தைத் தந்தது பிளக் அல்ல, பெட்ரோல். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, என்ஜின் 'தட்டுவதை' நிறுத்த ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டார். 1923-இல் அது பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது. எரிந்த ஈயம் உள்ளே தங்காதிருக்க புரோமின் சேர்மத்தையும் கலந்தார்கள். அப்படியும் கொஞ்சம் பீங்கானில் படிந்து சாம்பலும் பழுப்புமாக நிறம் ஏற்றியது. பழைய அட்டவணைகளில் 'நல்ல நிறம்' என்று அச்சான பழுப்பில் பெரும் பங்கு இந்தப் படிவுக்கு உண்டு.

மைக்கோ என்று நாம் அறிந்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1951-இல் பிறந்தது. பெங்களூரிலிருந்து வந்த அதன் பிளக்குகளோடுதான் அம்பாசடரும், பிரீமியர் பத்மினியும், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடின. பிளக்கின் வெப்ப எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு: பழைய வரிசையில் 175-ஐவிட 225 குளிர்ந்த பிளக், அதாவது வெப்பத்தை வேகமாகக் கடத்துவது; புதிய வரிசையில் 7-ஐவிட 5 குளிர்ந்தது. எண்ணைப் பார்த்து ஊகித்துப் போட்டு, கரி பிடித்ததற்குக் கார்பரேட்டரைத் திட்டியவர்கள் எத்தனை பேரோ!

பிறகு பெட்ரோல் மாறியது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் நின்றது. நல்ல கலவையில் ஓடும் என்ஜினிலும் பீங்கான் வெளுத்தே இருக்கத் தொடங்கியது. மெக்கானிக்கின் கண் மட்டும் பழைய பழுப்பைத் தேடியது. பழுப்பு வரும்வரை பெட்ரோலைக் கூட்டினால், மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். புது ரிங் படிய வேண்டிய நேரத்தில் இதைவிடக் கெட்ட வைத்தியம் இல்லை.

எத்தனால் வந்தபின் சிக்கல் இன்னும் கூடியது. 20 சதவீதக் கலப்பு 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. பெட்ரோல் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கார்பரேட்டரின் பழைய ஜெட் மாறாமல் அதே அளவுதான் விடுகிறது, ஆகவே கலவையில் உண்மையிலேயே காற்று மிஞ்சுகிறது. முன்பு பொய்யாக வெளுத்த பீங்கான் இப்போது மெய்யாகவும் வெளுக்கலாம். இரண்டையும் பிரிக்க, பீங்கான் உலோகக் கூட்டுக்குள் இறங்கும் அடிப்பகுதியை டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்க்க வேண்டும். கலவையைச் சொல்லும் மெல்லிய கரி வளையம் அங்கேதான் இருக்கும்.

ஊருக்குள் ஐடிலில் நின்று வந்த பிளக் எதையும் சொல்லாது. மெதுவாக ஓடினால் எந்த பிளக்கும் கரி பிடிக்கும். பாரத்தோடு ஓட்டி, பாதுகாப்பான சமதளத்தில் கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்பி அணைத்து, அப்படியே கழற்ற வேண்டும். ஜவ்வாது மலைமேல் ஏறிச் சோதித்தால் அதற்கும் கழிவு போட வேண்டும். காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 7 சதவீதம் குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. கலவை கொஞ்சம் செறிவாகி பிளக் கறுக்கும். கீழே சரியாக இருந்த ஜெட்டை மேலே போய் மாற்றுவது வீண்வேலை.

ரிங் படியும் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயில் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றினால் 1, 2, 3, 4 என்று வரிசையாக எண்ணிட்டு வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு முன் நான்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.