மாத்திரைக்குப் போனவன்

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒருவன் சில வருஷங்களுக்கு முன்பு ‘மாத்திரைக்குப் போய்’ வந்தான். வார்த்தை அவனுடையது. லோடுக்குப் போவது, ஐஸ் உடைக்கப் போவது போல மாத்திரைக்குப் போவது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் ஆளாக இருந்தவன். காண்டிராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கூட வேலை பார்த்தவன் ஒருவன் வழிகாட்டினான். நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு கட்டிடம். இரண்டு ராத்திரி தங்க வேண்டும், மாத்திரை விழுங்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும். பணம் தருவார்கள். என்ன மாத்திரை என்று கேட்டேன். “மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாம் சார். என் மனசு நல்லாத்தான் இருக்குன்னு எழுதி வாங்கிக்கினு அப்புறம் குடுத்தாங்க” என்றான்.

இந்த வாக்கியம் என்னை வெகுநாள் விடவில்லை. மனத்தை மாற்றும் மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த சரித்திரத்தை நான் தேடிப் படித்ததே அதற்குப் பிறகுதான். படித்ததில் ஒன்று எனக்குப் புலப்பட்டது. இந்தச் சரித்திரத்தில் மருந்துகள் மாறியிருக்கின்றன, முறைகள் மாறியிருக்கின்றன. அவற்றைவிட முக்கியமாக, மருந்தைத் தின்றவனிடம் கேட்கப்படும் கேள்வி மாறியிருக்கிறது.

தொடக்கத்தில் இது எழுத்தாளர்களின் காரியமாகவும் இருந்தது. 1799இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், தாமஸ் பெடோஸ் நடத்திய வைத்தியக் கூடத்தில், ஹம்ஃப்ரி டேவி நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைத் தானும் சுவாசித்து, நண்பர்களையும் சுவாசிக்கச் செய்தார். நண்பர்களில் கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சௌதியும் உண்டு. 1800இல் வெளிவந்த டேவியின் புத்தகத்தில் ரசாயனம் முடிந்த பிறகு ஒரு பகுதி முழுக்க இவர்களுடைய வாக்குமூலங்கள். நாடித் துடிப்பு மட்டும் போதவில்லை. என்ன உணர்ந்தாய் என்பதும் அன்றைய விஞ்ஞானத்துக்குத் தேவைப்பட்டது. பதில் சொல்ல பாஷை வசப்பட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். கூலி கிடையாது.

நாற்பது வருஷம் கழித்துக் கல்கத்தா. மெடிக்கல் காலேஜில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ஓஷானஸி, பிற்பாடு இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவர், கஞ்சாவை ஆராய்ந்தார். முதலில் மிருகங்கள், பிறகு நோயாளிகள். இதற்கிடையில் மாணவர்கள் சிலர் தாங்களாகவே சோதனைக்கு முன்வந்தார்கள். அவருடைய 1839ஆம் வருஷத்துக் கட்டுரையில் தீனநாத் தர் என்ற மாணவனைப் பற்றிய ஒரு பத்தி இருக்கிறது. கூச்ச சுபாவமுள்ள, நல்ல பழக்கங்கள் கொண்ட பையன். பிசினைச் சாராயத்தில் கரைத்த மருந்து, பத்துச் சொட்டு. இருபது நிமிஷத்தில் ஒரு பெரும் சிரிப்பு. பிறகு அவன் ராஜா. சபையோருக்கு ஆணைகள் இடுகிறான். உடன் படிப்பவர்களை அடையாளம் தெரியவில்லை. மாணவனாக இருந்து பல வருஷங்கள் கடந்துவிட்டதாகச் சொல்கிறான். யாத்திரைகள், சம்பாதித்த செல்வம், அதிகாரம் எல்லாம் விவரிக்கிறான். மதம், அரசியல், விஞ்ஞானம் பற்றி யாரும் எதிர்பாராத வாக்கு வன்மையோடு பேசுகிறான். மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

ஓஷானஸிக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கிறது. ஆனாலும் எழுதி வைத்தார். கம்பெனி ஆட்சியின் கீழ் ஒரு வங்காளிப் பையன் ஒரு மாலைப் பொழுது ராஜாவாக இருந்தான் என்ற செய்தி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிஸ்டலில் கோல்ரிட்ஜ் தானே எழுதினார். கல்கத்தாவில் பையன் பேசினான், துரை எழுதினார். அரசியலைப் பற்றி அவன் என்னதான் பேசினான் என்பது கட்டுரையில் இல்லை.

அடுத்த கட்டத்தில் பேச்சும் போயிற்று. 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன் சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதும் 1193 சாட்சிகளை விசாரித்தது. பெரும்பாலும் அதிகாரிகள், டாக்டர்கள், கனவான்கள். கஞ்சா குடிப்பவனைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அவன் பேசியது குறைவு. ஆனால் இந்தக் கமிஷனுக்கு ஒரு யோக்கியதை இருந்தது. கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறது என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைத் திறந்து பார்த்தது. 1892இல் சேர்ந்தவர்களில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றாக விசாரித்ததில் 98தான் தேறியது. ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரரிடம் ‘காரணம்’ என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்ற கவலை இருந்தது; கஞ்சா என்று நிரப்பிவிட்டுப் போனார். ஒருவனுடைய மனத்தில் நடந்ததை இன்னொருவன் கட்டத்தில் நிரப்புவது இங்கே தொடங்கிவிட்டது என்று எனக்குப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சரித்திரம் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒரு வழி நமக்குப் பரிச்சயமானது. 1953இல் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் கொடுத்த மெஸ்கலினை ஆல்டஸ் ஹக்ஸ்லி உட்கொண்டு புத்தகம் எழுதினார். ஹென்றி மிஷோ அதே மருந்தோடு மல்லுக்கட்டியதன் விளைவான நூல் 1956இல் வந்தது. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் 1960 வாக்கில் கென் கெஸி கூலி வாங்கிக்கொண்டு எல்.எஸ்.டி. முதலியவற்றைச் சாப்பிட்டார், அங்கேயே ராத்திரி வேலைக்கும் சேர்ந்தார். 1962இல் அவருடைய முதல் நாவல் வந்தது. சோதனைக்குப் பின்னால் அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பணம் இருந்தது அப்போது அவருக்குத் தெரியாது.

நாங்கள் இந்த வழியை மட்டும்தான் பார்த்தோம். ராயபுரம் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து ஹக்ஸ்லியைப் பற்றியும் பிரக்ஞையின் எல்லைகளைப் பற்றியும் விடிய விடியப் பேசியவர்களில் நானும் ஒருவன். அனுபவம், அனுபவம் என்று அந்த வார்த்தையைத் தேய்த்தோம். அதே வருஷங்களில் கெண்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற டாக்டர் போதைப் பழக்கத்துக்காகச் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துக்கொண்டிருந்தார். சிலருக்குத் தொடர்ந்து 77 நாள். கூலி? எந்தப் போதைக்காகச் சிறைப்பட்டார்களோ அதே போதை. வேண்டாமென்றால் தண்டனைக் காலத்தில் கொஞ்சம் தள்ளுபடி. கறுப்பர்கள் பலர். அந்த 77 நாளைப் பற்றி அவர்களில் ஒருவர் எழுதிய புத்தகம் எதையும் நாங்கள் பெஞ்சில் வைத்துப் பேசியதில்லை. அட்டவணைகள் உண்டு. கண்மணி எவ்வளவு விரிந்தது என்பது உண்டு.

காசிமேட்டுக்காரன் போனது இந்த இரண்டாவது வழியில்தான். அவன் இருந்தது கொடுமைக் கூடம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நடந்ததற்கு உயிர்ச்சமநிலை ஆய்வு என்று பெயர். ஒரு மருந்தின் காப்புரிமை தீர்ந்த பிறகு வேறு கம்பெனி அதைச் செய்ய விரும்பினால், தன் மாத்திரையும் பழைய மாத்திரையும் ரத்தத்தில் ஒரே அளவில், ஒரே வேகத்தில் கலக்கின்றன என்று காட்ட வேண்டும். ஆரோக்கியமான ஆட்கள் சில டஜன் பேர். ராத்திரி பத்து மணி நேரம் பட்டினி. காலையில் மாத்திரை, 240 மில்லி தண்ணீர். பிறகு குறித்த நேரங்களில் ரத்தம். சில நாள் இடைவெளி விட்டு மறு மாத்திரை. இரண்டு கோடுகளை ஒப்பிட்டுப் புள்ளியியல் கணக்கில் விகிதம் 80க்கும் 125 சதவீதத்துக்கும் உள்ளே நின்றால் மாத்திரை தேறியது. இப்படித் தேறிய மாத்திரைகள் மலிவாகக் கிடைப்பதால்தான் கூலிக்காரன் வீட்டிலும் மனநோய்க்கு வைத்தியம் பார்க்க முடிகிறது. இதை மறந்துவிட்டு ஆவேசப்படுவது சுலபம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் தின்றவன் சொல்வதற்கு இடமில்லை. கேள்வி ரத்தத்திடம் கேட்கப்படுகிறது. அவனிடம் கேட்பது ஒன்றுதான்: ஏதாவது தொந்தரவு உண்டா? அதற்கும் அவன் உண்மையான பதில் சொல்லக் காரணமில்லை. தலை சுற்றுகிறது என்றால் நிறுத்தி அனுப்பிவிடுவார்களோ, பணம் குறையுமோ, அடுத்த தடவை கூப்பிடமாட்டார்களோ. க்ளோஸபின் என்ற மருந்து ஆரோக்கியமானவர்களின் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அபாயகரமாக இறக்கியதால், இனி அதை நோயாளிகளிடம்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. விழுந்தவன் இருந்ததால் தெரிந்தது. விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு “ஒண்ணுமில்ல” என்றவனைப் பற்றி எந்த வழிகாட்டுதலுக்கும் தெரிய வழியில்லை. கூலி, அவனுடைய நேரத்தையும் ரத்தத்தையும் வாங்குவதோடு, சாட்சியத்தையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. இது நியாயப் பிரச்னை மட்டுமல்ல; விஞ்ஞானத்துக்கே நஷ்டம்.

கடைசியில் உடம்பின் சாட்சியமும் கழன்றுபோனது. ஹைதராபாத்தில் ஜிவிகே பயோசயன்சஸ் நடத்திய ஆய்வுகளில் ஈசிஜி பதிவுகள் பல வருஷமாகத் திரிக்கப்பட்டிருந்ததாக பிரெஞ்சு அதிகாரிகள் 2014இல் சொன்னார்கள். நிறுவனம் மறுத்தது. ஆனாலும் 2015இல் சுமார் 700 மருந்துகளுக்குத் தடை விதிக்க ஐரோப்பிய மருந்து முகமை சிபாரிசு செய்தது. அதே 2015இல் சென்னை நிறுவனம் ஒன்றின் ஆய்வு பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அது எச்.ஐ.வி. மருந்து ஆய்வு, அதில் ஈசிஜிக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிரதிகள். ஒருவன் இதயத் துடிப்பின் மேல் இன்னொருவன் பெயர். 1892இல் போலீஸ்காரர் நிரப்பிய கட்டம் ஞாபகத்துக்கு வருகிறது.

சட்டங்கள் வந்திருக்கின்றன. 2013இல் நஷ்ட ஈட்டு விதிகள், 2019இல் புதிய மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். நல்லதுதான். ஆனால் வடசென்னையில் கையெழுத்துக்கு உள்ள மதிப்பை நான் அறிவேன். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செதி 2007 ஜனவரியில் வெளிவந்தபோது, அதைத் தடுக்கும் சட்டத்துக்கு வயது பன்னிரண்டுக்கு மேல். கடலும் தொழிற்சாலையும் கைவிட்ட பிறகு மிச்சமிருப்பது உடம்பு ஒன்றுதான் என்றால், எந்தத் தாளிலும் கையெழுத்து விழும்.

ஒரு நாள் கடலோரத்தில் கொட்டியிருக்கும் பாறைகளின் மேல் அவனோடு உட்கார்ந்திருந்தேன். கோல்ரிட்ஜிடம் டேவி கேட்ட கேள்வியை, இருநூறு வருஷம் தாமதமாக, கேட்டேன். எப்படி இருந்தது?

வெகுநேரம் பேசவில்லை. யாரும் கேட்காததால் அவன் யோசித்திருக்கவே இல்லை. பிறகு சொன்னான்: “பொறந்ததுலேர்ந்து இந்த அலை சத்தம் கேட்டுக்கினே இருக்கறவன் சார் நானு. மாத்திரை சாப்ட்டு வந்து ரெண்டு நாளு அது கேக்கல. கேக்கலன்னு இல்ல. காதுல வுழுது. ஆனா எனுக்கு இல்லன்ற மாதிரி. அடுத்த ஊட்டு ரேடியோ மாதிரி. எங்கம்மா கூப்புட்டதும் அப்டித்தான் இருந்துது.”

இதை அங்கே சொன்னாயா என்று கேட்டேன்.

“நர்ஸம்மா கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்ட்டேன். இது இன்னா சார், தலைவலியா சொல்றதுக்கு?”

அந்த மாத்திரை தேறியிருக்கும். அவன் அம்மா கூப்பிட்டதை நான் இங்கே எழுதி வைக்கிறேன். நானும் அவன் பேசியதை எழுதுகிற இன்னொருவன்தான் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.